செய்க்கடனும் ஏட்டுப் பெயரும்



செஞ்சிக் கோட்டையைக் காணாதவர் நம் வல்லத்துப் பக்கத்தில் ஒருவரும் இலர். இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை வளைத்து நிற்கும் அவ்வரணைச் சிவாஜி மன்னர் 1677இல் கைக்கொண்டதும், அவர் மைந்தர் இராஜாராமர் காலத்தில் முகலாயர் முற்றுகை ஆண்டுக்கணக்காக நீண்டு 1698இல் முடிந்ததும், தேசிங்குராஜன் 1714இல் போரில் வீழ்ந்ததும் நம் சிறுவரும் அறிந்த கதைகளாம். 2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் யுனெஸ்கோ அமைப்பு, மராட்டியர் அரண்கள் பன்னிரண்டனுள் ஒன்றாக இதனையும் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலிற் சேர்த்தது. அது கேட்டு நாம் அனைவரும் மகிழ்ந்தோம்.

அம்மகிழ்ச்சியினால் எம் பள்ளி மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு யாம் ஒருநாள் அக்கோட்டைக்குச் சென்றோம். பிள்ளைகள் கலியாண மகாலையும் பீரங்கியையும் கண்டு வியந்தனர். மலையடியிலுள்ள நெற்களஞ்சியத்தின் முன் வந்தபொழுது ஒரு சிறுவன், “ஐயா, இவ்வளவு பெரிய குதிரில் நெல்லைக் கொண்டுவந்து கொட்டியவர் யார்?” என்று வினவினான். “நம் முன்னோரைப் போன்ற உழவர்தாம்” என்றோம். “பஞ்சம் வந்தால் அந்நெல் அவர்களுக்குத் திரும்பக் கிடைத்திருக்குமா?” என்று அவன் மீண்டும் கேட்டான். அதற்கு அவ்விடத்தே எம்மால் விடை கூற இயலவில்லை. அவ்வினாவின் பயனாக எழுந்ததே இக்கட்டுரை.

உழவனிடமிருந்து அரசு பெற்றதன் வரலாறு பலரால் எழுதப்பட்டிருக்கிறது. உழவனுக்கு அரசு கொடுத்ததன் வரலாறோ அத்துணை விரிவாக எழுதப்படவில்லை. அதனை யாம் ஆராய்ந்த அளவில் தெளிந்தது ஒன்று உண்டு. அரசின் உதவி பெரும்பாலும் ஏர் பிடித்த கையைத் தேடிச் சென்றதில்லை. ஏட்டில் எழுதிய பெயரைத் தேடியே சென்றிருக்கிறது. இவ்வுண்மையைச் சான்றுகளால் விளக்கி, அதனால் நாம் செய்யக்கடவது யாது என்பதனையும் இறுதியிற் கூறுவாம்.

முதற்கண் சங்க காலத்தை நோக்குவோம். புறநானூற்றின் 35ஆம் பாட்டு, குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனை வெள்ளைக்குடி நாகனார் பாடியது. அப்பாட்டின் கீழுள்ள குறிப்பு, புலவர் அரசனை அடுத்துப் பாடித் தம் பழைய செய்க்கடனை நீக்கிக்கொண்டார் என்று தெரிவிக்கின்றது. செய் என்பது நிலம். செய்க்கடன் என்பது அந்நிலத்திற்குரிய இறை. இக்காலத்தார் ‘கடன் தள்ளுபடி’ என்று கூறுவதற்கு நம் மொழியில் உள்ள மிகப் பழைய சான்றுகளுள் இஃது ஒன்றெனலாம். உழுவாரைப் பேணுதலே அரசனுக்கு வெற்றி தரும் என்று புலவர் எல்லா உழவர்க்காகவும் எடுத்துரைத்தார். ஆயினும் அக்குறிப்பின்படி வீடு பெற்றது அவருடைய செய்க்கடனே. பாடத் தெரியாத பக்கத்து வயற்காரனுடைய கடன் என்னவாயிற்று என்பதைக் குறிப்பு கூறவில்லை. அரசன் வாயிலை அடைந்தவனுக்கே உதவி கிட்டும் என்னும் வழக்கின் தொடக்கத்தை நாம் இங்கே காண்கின்றோம்.

சோழப் பேரரசர் காலத்தில் நிலம் நுட்பமாக அளக்கப்பட்டு ஏடுகளிற் பதியப்பட்டது. இறை நீக்கிய நிலம் ‘இறையிலி’ எனப்பட்டது. தேவதானம், பிரமதேயம், பள்ளிச்சந்தம் என்று அவ்விறையிலி நிலங்கள் வகைப்பட்டிருந்தமை கல்வெட்டுக்களால் விளங்கும். கோயிலுக்கும் கற்றோர்க்கும் அளித்த அக்கொடைகளை யாம் குறைகூற வந்தோமல்லோம். அவ்விறையிலி நிலத்தை உழுத குடியானவனோ, அரசனுக்கு அளக்க வேண்டியதைக் கோயிற்கோ பிரமதேயத்தார்க்கோ அளந்தான். அவன் சுமை பெரும்பாலும் இறங்கிற்றில்லை. பெறுவோர் பெயர் மட்டும் மாறிற்று.

இனிக் கும்பினியார் ஆட்சிக்கு வருவோம். 1801இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து கருநாடகச் சீமை கும்பினியார் கைக்கு வந்தது. நம் செஞ்சிப் பக்கம் தென்னாற்காடு ஜில்லாவில் அடங்கியது. 1820 முதல் 1827 வரை சென்னைக்கு ஆளுநராயிருந்த தாமஸ் மன்றோ துரை, இரயத்துவாரி முறையை வேரூன்றச் செய்தார். இடைத்தரகரின்றி அரசும் குடியானவனும் நேரே கணக்குத் தீர்க்கும் முறை அது. அதனால் விளைந்த நன்மை பெரிது. ஆயினும் குடியானவன் என்று அரசு கொண்டது பட்டாவிற் பெயருள்ளவனையே. அவனிடம் குத்தகைக்கு உழுதவனும் பண்ணையாளும் கணக்கிற் புலப்படவில்லை. ஆண்டுதோறும் ஜமாபந்தியில் சாவி போன பயிருக்கு வஜா கொடுத்தனர். அவ்வஜா பட்டாதாரர்க்கே உரியது. கர்ணத்தின் அடங்கலில் ‘சாவி’ என்று எழுதப்பட்டாலன்றி வயலிற் கருகிய பயிர் கருகியதாகாது. கர்ணத்தின் எழுதுகோலுக்கு நம் பாட்டன்மார் அஞ்சியது இதனாலேயே.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சத்திற்குப் பின், அரசு 1883இல் நிலச் சீர்திருத்தக் கடன் சட்டத்தையும் 1884இல் உழவர் கடன் சட்டத்தையும் இயற்றியது. கிணறு வெட்டவும் விதையும் மாடும் வாங்கவும் அவற்றின்படி கொடுக்கப்பட்ட பணமே ‘தக்காவி’ எனப் பெயர் பெற்றது. அதற்கும் நிலமே முதன்மையான ஈடாக நின்றது. நிலமில்லாதவனுக்கு அது எட்டாக் கனியாயிற்று. 1904ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் செங்கற்பட்டு ஜில்லாவைச் சார்ந்த திரூரில் மாகாணத்தின் முதற் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றியது. வட்டிக்கடைக்காரர் பிடியிலிருந்து பலரை விடுவித்த நல்ல முயற்சி அது. அங்கும் உறுப்பினனாய்ச் சேர்ந்து ஈடு காட்ட வல்லவனே பெரிதும் பயனடைந்தான்.

இடையே ஒரு நிகழ்ச்சி நினைவிற் கொள்ளத்தக்கது. செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் துரை, ஒடுக்கப்பட்ட மக்களின் நிலையைக் குறித்து 1891இல் ஓர் அறிக்கை எழுதினார். அதன் பயனாக 1892இல் அம்மக்கட்கு நிலம் அளிக்க ஆணை பிறந்தது. அவையே பஞ்சமி நிலங்கள். பெயரில்லாதவனை ஏட்டில் ஏற்ற அரசு தானே முன்வந்த அருஞ்செயல் அது. ஆயினும் அந்நிலங்களுட் பல பிற்காலத்திற் பிறர் கைக்குச் சென்றன. பெற்றவர் கணக்கறியாதவராயிருந்ததும், அயலார் கணக்கில் வல்லவராயிருந்ததும் அதற்குரிய காரணங்களுட் சிலவாம். இச்செய்தியைப் படிக்கும் நாம், நம் குலத்தார் வயல்களுள்ளும் அத்தகையது உண்டோ என்று நம்மையே வினவிக்கொள்ளுதல் நேர்மையாகும்.

1938இல் இராஜாஜி அமைச்சரவை இயற்றிய உழவர் கடன் நிவாரணச் சட்டம் வேறொரு வகையினது. தனியாரிடம் பட்ட கடனை அது குறைத்தது. வணிகரிடம் முன்பணம் வாங்கி மல்லாட்டை பயிரிட்டு, விளைந்ததைக் களத்திலேயே அளந்து கொடுத்துவிட்டு வெறுங்கையுடன் வீடு திரும்பிய நம் பக்கத்துக் குடிகளுக்கு இத்தகைய சட்டம் எத்துணை வேண்டற்பாலது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. ‘உழவன் யார்?’ என்னும் வினாவைச் சட்டமே எழுப்பி, வருமான வரி செலுத்துவோர் போன்றாரை விலக்கியதும் கருதத்தக்கது. எண்பது ஆண்டு கழித்து அதே வினா மீண்டும் எழுந்தமையைப் பின்னர்க் காண்போம்.

நிற்க. நாடு விடுதலை பெற்றபின் உதவிகள் பெருகின. 1970ஆம் ஆண்டுகளில் நாராயணசாமி நாயுடு தலைமையில் மின்கட்டணத்தை எதிர்த்து உழவர் பெரும் போராட்டங்கள் நடத்தினர். துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் மாய்ந்தன. அதன் பயனாக 1984இல் சிறு உழவர்க்கும், 1989இல் அமைந்த ஆட்சியில் எல்லா உழவர்க்கும் பம்புசெட்டு மின்சாரம் இலவசமாயிற்று. நம் ஊர்க் கிணறுகளில் நீர் ஊறுமளவும் இதன் நன்மையை மறத்தலாகாது. ஆயினும் கிணறுள்ளவனுக்கே மின்சாரம் பயன்படும். ஏரியையும் வானத்தையும் நம்பியிருக்கும் மானாவாரிக்காரனுக்கு அதனால் ஆவது யாது?

கடன் தள்ளுபடிகளும் வந்தன. 2006இல் தமிழக அரசு கூட்டுறவுக் கடன் 6,866 கோடி ரூபாயையும், 2016இல் சிறு, குறு உழவர் 16.94 இலட்சம் பேருடைய கடன் 5,780 கோடியையும், 2021இல் 16.43 இலட்சம் பேருடைய கடன் 12,110 கோடியையும் தள்ளுபடி செய்தது. ஐந்து ஏக்கருக்கு மேற்பட்டார்க்கும் 2016ஆம் ஆண்டுச் சலுகையைத் தர வேண்டுமென்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. சிறு, குறு உழவர்க்கென்று வரையறுத்தது செல்லும் என 2021 நவம்பரில் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மத்திய அரசு 2008இல் நாடெங்கும் செய்த தள்ளுபடியைத் தணிக்கைத் தலைவர் ஆராய்ந்து 2013இல் அறிக்கை அளித்தார். சோதித்த 90,576 கணக்குகளுள் 20,242இல், அஃதாவது நூற்றுக்கு இருபத்திரண்டுக்கு மேற்பட்டவற்றில், குறைபாடுகள் இருந்தன. வேறாகச் சோதித்த 9,334 கணக்குகளுள் 1,257 தகுதியுடையனவாயிருந்தும் சேர்க்கப்படாமல் விடப்பட்டிருந்தன. தகாதவன் பெறுவதும் தக்கவன் இழப்பதும் ஒரே பிழையின் இரு பக்கங்கள் என்பது இதனாற் பெறப்படும். கந்துவட்டிக்குக் கடன்பட்டவனோ எவ்வேட்டிலும் இலன். அவனுக்கு இத்தள்ளுபடிகளால் ஒரு காசும் குறையவில்லை.

இது நம் நாட்டிற்கே உரிய குறையன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் உழவர்க்கு நேரே வழங்கும் தொகையில் நூற்றுக்கு எண்பது பங்கு ஐந்தில் ஒரு பகுதியினர்க்கே செல்லுகின்றது என்பது அவ்வொன்றியத்தார் தாமே வெளியிட்ட கணக்கு. நிலத்தின் பரப்பை அளந்து கொடுத்தால் பரந்த நிலமுடையான் மிகுதியாகப் பெறுவது இயல்பே.

இனி நம் ஜில்லாவைத் தலைகுனியச் செய்த செய்திக்கு வருவோம். 2019 பிப்ரவரி 24ஆம் நாள் பிரதம மந்திரி கிசான் சம்மான் நிதி என்னும் திட்டம் தொடங்கப்பெற்றது. நிலமுடைய உழவர் குடும்பத்திற்கு ஆண்டொன்றுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக வங்கிக் கணக்கிற் செலுத்தப்படும். இரண்டு ஹெக்டேர் என்று முதலில் வைத்த வரம்பு அவ்வாண்டிலேயே நீக்கப்பட்டது. வருமான வரி செலுத்துவோர், அரசு அலுவலர், மருத்துவர், வழக்கறிஞர் முதலியோர் விலக்கப்பட்டனர். 2019 பிப்ரவரி 1ஆம் நாளன்று நில ஏட்டில் பெயருள்ளவரே பெறுதற்குரியர். குத்தகைக்கு உழுபவர்க்கு இதில் இடமில்லை.

2020இல் கொரோனா நோயினால் ஊர் அடங்கியிருந்த காலத்தில், இணையத்தின் வழியே பெயர் பதியும் முறையைச் சிலர் தவறாகப் பயன்படுத்தினர். அலுவலர்க்குரிய கடவுச்சொற்கள் பிறர் கைக்குச் சென்றன. நிலமில்லாதவர், உழவரல்லாதவர் எனப் பலரும் உழவராகப் பதியப்பட்டனர். அவ்வாண்டு ஆகஸ்டில் உண்மை வெளிப்பட்டது. தகுதியற்றவர் ஏறத்தாழ 5.5 இலட்சம் பேர் என்றும், அவர்கட்குச் சென்ற தொகை 110 கோடி ரூபாய் என்றும் வேளாண்மைத் துறைச் செயலர் அறிவித்தார். பதின்மூன்று மாவட்டங்களில் நிகழ்ந்த இம்மோசடியில் விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் ஆகியவை முன்னின்றன. இம்மூன்றும் பழைய தென்னாற்காட்டின் பகுதிகளே. தற்காலிக ஊழியர் எண்பதின்மர் நீக்கப்பட்டனர், அலுவலர் பலர் இடைநீக்கம் பெற்றனர், சி.பி.சி.ஐ.டி. காவலர் வழக்குப் பதிந்து சிலரைக் கைது செய்தனர். கொடுத்த பணத்தில் ஒரு பகுதி வங்கிக் கணக்குகளிலிருந்தே திரும்ப எடுக்கப்பட்டது.

இதில் யாவர் குற்றவாளி? ‘கொரோனா உதவிப் பணம்’ என்று நம்பித் தம் ஆதார் எண்ணையும் வங்கிப் புத்தகத்தையும் கொடுத்த கூலி மக்கள் பலர். வந்த பணத்தில் ஒரு பங்கைத் தரகன் கொண்டான். பின்னர் அரசு முழுத்தொகையையும் கேட்டது. ஏமாற்றியவனுக்கு இலாபம், ஏமாந்தவனுக்குக் கடன் என்று முடிந்தது. மெய்யான உழவரும் அதன்பின் மீண்டும் மீண்டும் சான்று காட்ட வேண்டியவராயினர். பொய்ப்பெயர் ஒன்று ஏட்டில் ஏறினால் மெய்ப்பெயர் பத்து ஐயத்திற்கு உள்ளாகும்.

இவற்றையெல்லாம் பிறர் குற்றமாக எழுதிவிட்டு எம் வீட்டை மறைத்தல் முறையன்று. எமக்கு வல்லத்துப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் நிலம் உண்டு. யாம் உழுபவரல்லோம், ஆசிரியத் தொழிலால் வாழ்பவர். எம் தந்தையார் காலந்தொட்டு அந்நிலத்தைப் பெரியவர் ஒருவர் குத்தகைக்கு உழுது வருகிறார். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபொழுது, நமக்கு அண்மையிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியதை நாம் மறக்கவில்லை. அப்பெரியவரின் நெற்பயிர் முழுதும் நீரில் அழுகியது. இறவைப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் என அரசு நிவாரணம் அறிவித்தது. எம் நிலத்துக்குரிய தொகை வந்தது. எம் வங்கிக் கணக்கிற்கே வந்தது.

அதனை எடுத்துக்கொண்டு அவர் வீட்டிற்குச் சென்று கொடுத்தோம். வாங்கிக்கொண்ட அவர், “கணக்குலே உங்க பேருதானுங்களே வாத்தியாரையா இருக்குது. நீங்க குடுக்காம இருந்திருந்தா நான் எங்கே போய்க் கேட்பேன்?” என்றார். அதில் சினம் சிறிதும் இல்லை, உண்மையே இருந்தது. எம் மனத்தில் அச்சொல் தைத்தது. கொடுத்தது அறம் என்று எண்ணிச் சென்ற யாம், அவருடையதை அவரிடம் சேர்த்ததன்றி வேறொன்றும் செய்யவில்லை என்று உணர்ந்து திரும்பினோம்.

குத்தகை உழவரின் பெயரைப் பதிவதற்குச் சட்டம் இல்லையோ எனின், உண்டு. 1955இல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும், 1969இல் வேளாண் நிலங்களின் குத்தகை உரிமை ஆவணச் சட்டமும் இயற்றப்பட்டன. அவ்வாறிருந்தும் நம்மவர் வாய்ச்சொல் குத்தகையாகவே நடத்திவருகின்றோம். காரணம் யாவரும் அறிந்ததே. பதிந்தால் உழுபவனை எளிதில் வெளியேற்ற இயலாது. நிலம் கைவிட்டுப் போய்விடுமோ என்னும் அச்சம். அவ்வச்சம் எமக்கும் இருந்தது. இல்லையென்று கூறின் பொய்யாகும். எனினும் நாற்பது ஆண்டு உழுதவரை வெளியேற்றும் உரிமையைக் காக்கும்பொருட்டு அவர் உண்ணும் சோற்றை ஏட்டிலிருந்து மறைத்தல் எவ்வகை நீதி? வீட்டாருடன் கலந்து, அவர் பெயரைப் பதியும் விண்ணப்பத்திற்கு இசைந்து கையொப்பமிட்டோம்.

அண்டை நாட்டார் சிலர் நம்மினும் முற்பட்டுள்ளனர். ஒடிசா அரசு தொடங்கிய காலியா திட்டம் நிலமற்ற உழவர் குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டது. ஆந்திர அரசு 2019இல் இயற்றிய பயிர் சாகுபடியாளர் உரிமைச் சட்டம், நில உரிமைக்கு ஊறு நேராமல் குத்தகை உழவர்க்குத் தனி அட்டை வழங்க வழி செய்தது. நிலமுடையார் அச்சமும் தீர வேண்டும், உழுவார் பெயரும் ஏற வேண்டும் எனின் இத்தகைய சட்டம் நம் நாட்டிற்கும் வேண்டும் என்று நம் சங்கம் அரசை வேண்டுதல் தகும்.

சங்கத்தார்க்கு யாம் பணிந்து கூறுவன சில உள. முதலாவது, பாட்டன் பெயரிலுள்ள பட்டாவைக் காலந்தாழ்த்தாது மாற்றிக்கொள்க. 2025ஆம் ஆண்டு முதல் நில விவரத்தோடு இணைத்து உழவர்க்குத் தனி அடையாள எண் வழங்கப்படுகின்றது. இறந்தார் பெயரிலுள்ள பட்டாவைக் கொண்டு உயிரோடிருப்பவர் எண் பெறுதல் அரிது.

இரண்டாவது, மகளிர் பெயரை மறவாதீர். தமிழகத்தில் 1989இலும் நாடு முழுவதும் 2005இலும் பெண்மக்கட்கு மூதாதையர் சொத்தில் சமவுரிமை வந்தது. அங்ஙனமாகியும் 2015–16ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் நிலம் நடத்துவோருள் மகளிர் நூற்றுக்குப் பதினால்வர் அளவே. நாற்று நடுபவளும் களையெடுப்பவளும் பெண். கணவன் மறைந்தபின் உதவித்தொகைக்கு அலுவலக வாயிலில் நிற்பவளும் அவளே.

மூன்றாவது, நிலமில்லாதார் எவரும் உழவரென்று பெயர் கொடாதீர். தரகன் கையில் வங்கிப் புத்தகத்தைக் கொடாதீர். நம் குலத்தான் என்று அத்தரகனுக்கு இடங்கொடுத்தலும் ஆகாது. நான்காவது, நிலமுடையார் தம் குத்தகை உழவர், எக்குலத்தவராயினும், அவர் பெயரை ஏட்டில் ஏற்றத் துணை நிற்க. ஐந்தாவது, கிராம சபை கூடும் நாளில் பயனாளிகளின் பட்டியலை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஊரறியப் படித்த பட்டியலில் பொய்ப்பெயர் ஒளிந்திருத்தல் கடினம்.

அச்சிறுவன் இன்னும் எம் வகுப்பில்தான் இருக்கின்றான். களஞ்சியத்து நெல் திரும்பக் கிடைத்திருக்குமா என்று கேட்டானல்லவா? கணக்கிற் பெயருள்ளவர்க்குக் கிடைத்திருக்கலாம் என்பதே யாம் அவனுக்கு அளித்த விடை. “அப்படியானால் எல்லாருடைய பெயரையும் எழுதிவிட வேண்டியதுதானே ஐயா?” என்றான் அவன். அதனைச் செய்வது பெரியோராகிய நம் கடமை. இறைவன் திருவருள் துணை நிற்பதாக.